வெள்ளித்தலை வாத்தும் சுகாதாரப் பாடமும்

புதிதாகப் படித்தவர்களிடம் யாரும் எதையும் இரவல் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான்தான்.

யுத்தத்துக்கு முந்திய காலம் அது. மலாயாவில், குருண் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். அப்பாவுக்கு அங்கே துரை பங்களாவில் குசினி வேலை; பன்னிரண்டு வருடமாக அவர் சமையல்தான். நான் சுங்கைப்பட்டாணியில் தங்கிப் படித்துவிட்டு, அதே தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியையாகத் திரும்பியிருந்தேன். வயது பத்தொன்பது. ("டீச்சர்" என்று கூப்பிடாவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். அம்மா கூப்பிட்டாலும் அப்படித்தான்.)

வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் இன்ஸ்பெக்டர் வந்து, பள்ளிப் பதிவேட்டில் நல்லதாக நாலு வரி எழுத வேண்டும். அவர் வரும் நாள் தெரிந்ததும் பாடத்தைப் பற்றி எனக்குக் கவலை வரவில்லை. அவருக்கு எதில் குடிக்கக் கொடுப்பது என்பதுதான் கவலை. தோட்டத்தில் எல்லாரும் காலிப் பால் டின்னில்தான் குடிப்போம். படித்த பெண் டின்னை நீட்டுவதா?

பங்களா அலமாரியில் துரையின் தாத்தா காலத்து மதுக் கூஜாக்கள் இருந்தன. எல்லாம் பிராணி உருவம்: ஒரு மீன், ஒரு கிளி, ஒரு வாத்து. வாத்துக்கு உடம்பு கண்ணாடி. தலையும் கழுத்தும், கழுத்தோடு சேர்ந்த கைப்பிடியும் வெள்ளி. சாய்த்தால் அலகு வழியாக ஊற்றும். துரை அந்த வாரம் பினாங்கில் இருந்தார்.

"வேணாம்மா, தொரை சாமான்" என்றார் அப்பா.

"ஒரு நாள்தான்லா அப்பா! ஒங்க மவ டின்னுல குடுத்தா இன்ஸ்பெக்டர் என்ன நெனப்பாரு?"

'உங்கள் மகள்' என்றதும் அவர் கரைந்துபோவார். அது தெரிந்துதான் சொன்னேன்.

தன் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "சுடுதண்ணி மட்டும் ஆவாது. ஈரத் துணியால தொடச்சாப் போதும். வெள்ளிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மாவு மாதிரி ஒண்ணு வச்சு ஒட்டியிருக்கான். சூடு பட்டா விட்டுரும்."

"கிருமி சுடுதண்ணியிலதான்ப்பா சாவும். இதெல்லாம் ஒங்களுக்குத் தெரியாது."

அந்தக் கடைசி வரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமென்றால், என் சான்றிதழ்களை எல்லாம் கொடுத்துவிடுவேன்.

வாத்தைக் கொதிநீரில் இரண்டு முறை முக்கி எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பளபளவென்று என்னைப் பார்த்தது. அப்பாவின் அறியாமையை நினைத்துக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு. பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள், ஆத்திசூடி சொன்னார்கள். மேசைமேல் இருந்த வாத்தைக் கண்டதும் அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"என்ன பிள்ளை, இது வாத்தோ?"

"ஆமாங்க சார். கொதிக்கிற தண்ணியில ரெண்டு தடவ கழுவினது."

"நல்ல பழக்கம். உடன எழுதி வைக்கிறன்" என்று பதிவேட்டைத் திறந்து எழுதவே ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ரோஜா சர்பத் நிரம்பிய வாத்தைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். அவர் பக்கமாகச் சாய்த்தேன். அடுத்த கணம் என் கையில் தலை இருந்தது. உடம்பு அவர் மடியில் விழுந்து, அங்கிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்து, சில்லுசில்லாகச் சிதறியது. வெள்ளைக் கால்சட்டை முழுக்கச் சிவப்பு.

முதல் வரிசையிலிருந்து ஒரு சிறுமி அலறினாள்: "ஐயோ, டீச்சர் வாத்த அறுத்துட்டாங்க!"

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, "பிள்ளை, சர்பத் போதும். ஒரு துவாய் தாரும்" என்றார்.

துரை திரும்பிய அன்று, வாத்தின் தலையையும் ஒரு சாக்கில் அதன் உடம்பையும் எடுத்துக்கொண்டு அப்பா பங்களாவுக்குப் போனார். உண்மையைச் சொல்வதற்காக நானும் போனேன். ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் தயார் செய்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே நடந்தேன். ஆனால் துரை தமிழிலேயே கேட்டுவிட்டார். "யார் ஒடைச்சது?"

"நாந்தாங்க தொரை. கை நடுங்கிருச்சு" என்றார் அப்பா.

எனக்கு இரண்டு மொழி தெரியும். இரண்டிலும் வாய் வரவில்லை. என் புதுச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அப்பாவைப் புல்வெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே வாரம் என் வேலை நிரந்தரமானது. பதிவேட்டில் இன்ஸ்பெக்டர் எழுதியது இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: "சுகாதாரப் பாடம் வெகு சிறப்பு."

புல்வெட்டுக்குப் போன முதல் நாள் மாலை, மண்வெட்டி பிடித்து அப்பாவின் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. வெந்நீர் கொண்டுபோய் வைத்தேன். கையை விட்டுப் பார்த்துவிட்டு, "என்னா டீச்சர், கிருமி செத்துருச்சா?" என்றார். அவரேதான் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததால்தான் மற்றவர்களுக்கும் சிரிக்கத் தைரியம் வந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் தட்டு உடைந்தாலும் சரி, கல்யாணம் நின்றாலும் சரி, யாராவது "கிருமி செத்துருச்சா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. வாத்தைப் பார்த்தே இராத என் பிள்ளைகளும் கேட்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

துரைக்கு மட்டும் அந்த நகைச்சுவை தெரியாது. தன் சமையல்காரருக்குக் கை நடுங்கும் என்று நம்பிக்கொண்டே அவர் கப்பலேறிப் போனார். அப்பாவின் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. அதைச் சொல்லத்தான் நான் அன்றைக்கு அங்கே போயிருந்தேன்.