அண்ணாச்சிக்கு நான் கொடுத்த ஓய்வு

பந்தியில் 'போதும், போதும்' என்று இலையை மறைக்கிற கையை நம்பிச் சோறு வைக்காமல் நகர்ந்துவிட்டால், எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் அதைப் பேரப்பிள்ளை காலம் வரை சொல்லிக் காட்டுவார்கள். இது தெரிந்தவள்தான் நான். ஆனாலும் ஊராட்சித் தலைவியான புதிதில் (புத்தி புல் மேயப் போன நேரம்) ஒரு பெரிய மனிதரின் இலையை அப்படியே தாண்டிவிட்டேன்.

அவர் எங்கள் ஊராட்சித் தலைவர்கள் சங்கத்தின் தலைவர். அண்ணாச்சி என்றால் வட்டாரமே எழுந்து நிற்கும். ஆட்சி மாறும், கலெக்டர் மாறுவார், ஏன், திருச்சுழிப் பக்கம் மழைகூடப் பெய்துவிடும். சங்கத் தலைவர் மட்டும் மாறியதில்லை. எங்கள் ஊருக்கோ தண்ணீர்த் தொட்டி வேண்டும். ஒன்றிய அலுவலகத்தில் அது நகர வேண்டுமென்றால் அண்ணாச்சி ஒரு போன் போட வேண்டும். பெண்கள் காலிக்குடத்தோடு என் வாசலில் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். எப்படியாவது அவரைக் குளிர வைத்துவிடுவது என்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனேன்.

அண்ணாச்சி தோள் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "போதும்யா. ஒடம்பு முன்ன மாதிரி இல்ல. எளசுக யாராச்சும் வந்து பாருங்க."

வருசா வருசம் அவர் துண்டை வைப்பதும், எல்லோரும் கெஞ்சி அதை அவர் தோளிலேயே போட்டுவிட்டுப் பிரியாணிக்குப் போவதும் வழக்கமாம். எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. முந்திக்கொண்டு எழுந்தேன்.

"அண்ணாச்சி சொல்றதுதான் சரி. மாடிப்படி ஏறுறதுக்குள்ள அவுகளுக்கு மூச்சு வாங்குனதப் பாத்து எனக்கு மனசே கேக்கல. இம்புட்டு வருசம் ஒழச்சவுகளுக்கு ஓய்வு குடுக்கலைன்னா நம்மெல்லாம் மனுசங்களா?"

கைதட்டல் இல்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்கத்து ஊர்த் தலைவர், "ஏத்தா, உக்காரு. குடியக் கெடுத்த போ" என்று பல்லைக் கடித்தார். நானோ, கூட்டம் நெகிழ்ந்துபோய்விட்டது என்று நினைத்தேன்.

அண்ணாச்சி என்னையே பார்த்தார். "அப்ப நீயே பாத்துக்கிறியாத்தா?"

"நீங்க சொன்னா தட்ட மாட்டேன் அண்ணாச்சி" என்று கும்பிட்டேன்.

அன்றைக்கு அவர் தன் துண்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். பிரியாணி பாதிக்கு மேல் அண்டாவிலேயே கிடந்தது. பக்கத்து ஊர்த் தலைவர் அந்த வழக்கத்தைச் சொல்லித் திட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. தொட்டி போச்சே என்று பஸ்ஸில் அழுதுகொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை, இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார் அண்ணாச்சி. ஊரே பார்க்கப் பள்ளிக்கூடத்து மொட்டை மாடிக்கு ஏணியில் விறுவிறுவென்று ஏறினார். மேலே நின்று, "எங்கத்தா தொட்டி வைக்கணும்? காட்டு" என்றார். இறங்கும்போதுதான் இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. (நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது.) அடுத்த கோடைக்கு முன்னால் தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டது.

எங்கள் பதவிக்காலமெல்லாம் முடிந்துபோனது; அண்ணாச்சி இன்னும் சங்கத் தலைவர்தான். என் வீட்டில்தான் நிலைமை மோசம். "இனிமே என்னால ஆகாது, நீங்களே ஆக்கித் தின்னுங்க" என்று நான் கரண்டியை வைத்தால் போதும், வீட்டுக்காரர் எழுந்து நிற்பார். "தலைவியம்மா சொல்றதுதான் சரி. ஓய்வு குடுப்போம்." மகள் கைதட்டுவாள். யாராவது கெஞ்ச வருகிறார்களா என்று கொஞ்ச நேரம் பார்ப்பேன். அப்புறம் நானே போய்க் கரண்டியை எடுத்துக்கொள்வேன்.