நெல்லிகோடண்ட அணிக்கு ஒரு கோல்கீப்பர் வேண்டி

பெருமதிப்புக்குரிய சம்பந்தி பாறெமாடண்ட பூவையா அவர்களுக்கு,

நெல்லிகோடண்ட குஷாலப்பா, ஓய்வுபெற்ற சுபேதார், இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே பூமழை சொன்ன வாரத்தில் பெய்து, தோட்டம் முழுக்கக் காப்பி பூத்து வெள்ளையாக நிற்கிறது. யானை வந்து வேலியைத்தான் சாய்த்தது, வேறு சேதமில்லை. என் இடது முழங்கால் தவிர வீட்டில் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் இக்குத்தப்பன் சாமி புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மகள் தேச்சம்மாவுக்குக் கை, கால், கண் மூன்றும் ரொம்ப நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்று தனியாக வேண்டிக்கொண்டேன். காரணம் கீழே வருகிறது.

இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போன் எடுத்தால் நீங்கள் மழையில் ஆரம்பிப்பீர்கள், நான் யானைக்குப் போவேன், கடைசியில் இரண்டு பேரும் பன்றிக்கறிக்கு எந்த ஊர்ப் புளி நல்லது என்பதில் வந்து நின்று வைத்துவிடுவோம். போன மாதம் இரண்டு தடவை அப்படித்தான் ஆயிற்று. ஆகவே எழுத்தில் கேட்கிறேன். அடுத்த மாதம் தொடங்குகிற குடும்ப ஹாக்கிப் போட்டியில் தேச்சம்மாவை எங்கள் நெல்லிகோடண்ட அணிக்குக் கோல் காக்க அனுப்பி வைக்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனி நீங்கள் உட்கார்ந்து நிதானமாக மீதியைப் படிக்கலாம்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி நானே சொன்னால் பெருமையடிப்பதுபோல் இருக்கும், இருந்தாலும் வேறு யாரும் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன். குடகில் எத்தனையோ குடும்பங்கள் ஆணும் பெண்ணுமாக அணி இறக்குகின்றன. கப் வாங்கியவர்கள் உண்டு, பாதியில் சண்டை போட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் போட்டி ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் வந்து, ஒரு வருஷம்கூட இரண்டாவது சுற்றைத் தாண்டாமல், அடுத்த வருஷம் அதே மீசை முறுக்கோடு வந்து நிற்கிற குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். தோற்றுவிட்டு நாங்கள் போடும் விருந்துக்கு ஜெயித்தவர்களே வந்து சாப்பிட்டுப் போகிறார்கள். போன வருஷம் ஆறு கோல் வாங்கினோம் என்று ஊர் சிரிக்கிறது. அன்று எதிரணியில் இந்திய அணிப் பயிற்சி முகாமுக்குப் போய்வந்த பையன்கள் மட்டும் மூன்று பேர். வேறு குடும்பமாக இருந்தால் பதினாறு வாங்கியிருக்கும். ஆறோடு நிறுத்தினோமே, அதற்கு ஒரு தெம்பு வேண்டாமா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெரிய வீட்டில் இது பற்றிக் கூட்டம் போட்டோம். முன்னோர்களுக்கு விளக்கேற்றி, பிராந்தி படைத்து, மீதியை நாங்கள் ஏற்றிக்கொண்டு, அந்த ஆறு கோல் ஆட்டத்தை முதல் விசிலிலிருந்து அலசினோம். என் சித்தப்பா மகன் மொண்ணப்பாவை உங்களுக்குத் தெரியும், கல்யாணத்தில் உங்கள் காரை மரத்தில் மோதி நிறுத்தியவன். அறுபத்தொரு வயதில் இன்னமும் அவன்தான் எங்கள் சென்டர் ஃபார்வர்டு. "முன்னால இருக்கிற எங்க மேல ஒரு குத்தமும் இல்லண்ணே, பந்து எங்ககிட்ட வந்தாத்தானே கோல் போட முடியும்" என்றான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பி மகன் உத்தையா, "பந்து வந்துச்சு சித்தப்பா, நீங்கதான் அப்ப ஓரமா நின்னு மூச்சு வாங்கிட்டிருந்தீங்க" என்றான். "நான் மூச்சு வாங்கல, எதிராளிய ஏமாத்தறதுக்காக நின்னேன்." "எதிராளி ஏமாறல சித்தப்பா, நாங்கதான் ஏமாந்தோம்." இப்படியே பேச்சு வளர்ந்து, கறிச்சட்டி பாதியாவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். தோல்விக்குக் காரணம் கோல்கீப்பர் என்று எல்லோரும் ஒரே குரலில் ஒத்துக்கொண்டோம். கோல்கீப்பர் என் மனைவி சோண்டம்மா. கூட்டத்தில் அவள் மட்டும் இல்லை. சமையலறையில் எங்களுக்காக அரிசிக் கடம்பிட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

அணியைப் பலப்படுத்த வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. பணக்கார கிளப்புகளுக்கென்ன, ஆளை விலைக்கு வாங்கிப் போடுவார்கள். நம் குடும்ப ஹாக்கியில் ஆள் சேர்வதற்கு இரண்டே வழி, ஒன்று பிறக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். இப்போது பிறக்கச் சொன்னால் அடுத்த மாதத்துக்குள் ஓடியாடுகிற வயது வராது. ஆகவே கல்யாணம். உத்தையாவுக்கு இருபத்தொன்பது ஆகிறது, இன்னும் தனியாக இருக்கிறான். விராஜ்பேட்டைப் பக்கம் ஒரு பெண் இடது பக்க ஹாஃப் பேக், காற்று மாதிரி ஓடுவாள் என்று மொண்ணப்பா மோப்பம் பிடித்து வந்தான். மறுநாளே மூன்று பேரும் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டோம். பெண்ணின் அப்பா, "பொண்ணு நல்லா படிச்சிருக்கா, சமையலும் பழகியிருக்கா" என்று ஆரம்பித்தார். மொண்ணப்பா பொறுக்காமல், "அதெல்லாம் கெடக்கட்டும்ணே, ரிவர்ஸ்ல அடிப்பாளா?" என்று கேட்டுவிட்டான். நான் அவன் காலை மிதிப்பதற்குள் அந்தப் பெண் உள்ளே போய் இரண்டு மட்டையும் ஒரு பந்துமாக வந்துவிட்டாள். "களத்துக்கு வாங்களேன், ரெண்டு நிமிஷம் ஆடிப் பார்ப்போம்" என்று உத்தையாவைக் கூப்பிட்டாள். பையன் கண்ணை எடுக்காமல் பெண்ணைப் பார்த்தான், பந்தைப் பார்க்கவில்லை. அது அவன் காலுக்கு நடுவில் போய், அவள் மட்டைக்கு வந்து, திரும்பவும் போயிற்று. இவன் மிளகு காய்கிற பாயில் தலைகுப்புற விழுந்தான். அவள் ஓடி வந்து கை கொடுத்துத் தூக்கி, "அடிபட்டுச்சா அண்ணா?" என்று கேட்டாள். அண்ணா என்று கூப்பிட்ட பிறகு என்ன பேச்சு இருக்கிறது? காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். உத்தையா இரண்டு நாள் தும்மினான்.

ஆக, மிச்சம் இருப்பது தேச்சம்மாதான். அவள் பிறந்தபோது நான் லீவில் இருந்தேன். ஆண்பிள்ளை பிறந்தால்தான் வேட்டுப் போடுவார்கள் என்றார்கள். "என் தோட்டா, என் மகள்" என்று சொல்லி வானத்தைப் பார்த்துச் சுட்டேன். அது வீண்போகவில்லை. மாநில அணிக்குக் கோல் காத்தாள். இரண்டு வருஷமாக உங்கள் அணிக்கு ஆடுகிறாள், நீங்கள் காலிறுதிக்குப் போகிறீர்கள். போன வருஷம் காலிறுதியன்று கேலரியில் உங்கள் ஆட்கள் "பாறெமாடண்ட தேச்சம்மா!" என்று கத்தியபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது, கூடவே வயிறும் எரிந்தது, மறைப்பானேன்.

நியாயமும் எங்கள் பக்கம் இருக்கிறது. கல்யாணத்தன்று பன்னிரண்டு கூழாங்கல்லில் பதினொன்றை உங்கள் கையில் கொடுத்து, ஒன்றை நாங்களே வைத்துக்கொண்டோம். அந்த ஒன்று எதற்கு? பெண் எங்கே வாழ்க்கைப்பட்டாலும் பிறந்த வீட்டில் அவளுக்குப் பாத்தியதை உண்டு என்பதற்குத்தானே? போட்டி விதியிலும் கல்யாணமான பெண் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஆடலாம் என்றுதான் இருக்கிறது. பெண்ணுக்குப் பிறந்த வீட்டு ரத்தம்தான் ரத்தம், புகுந்த வீடு அதற்கு அப்புறம்தான். இதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை என்பது என் தாழ்மையான கருத்து. சோண்டம்மாவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அவளுக்குக் கௌரவமான ஓய்வு கொடுத்து, இடைவேளையில் ஆட்டக்காரர்களுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுக்கும் முழுப் பொறுப்பையும் ஒப்படைப்பதாகத் தீர்மானம் போட்டிருக்கிறோம். கேட்டால் பூரித்துப்போவாள்.

உங்கள் வீட்டு விளக்கு அணையாமல், உங்கள் துப்பாக்கி குறி தவறாமல், உங்கள் பிள்ளைகள் எங்களோடு மோதும் நாள் தவிர மற்ற நாளெல்லாம் ஜெயித்துவர, பெரியவர்களும் இக்குத்தப்பனும் துணை நிற்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசி. மகளுக்கு முத்தமும், முழங்கால் கட்டைக் கழற்றாமல் பயிற்சி செய்யச் சொல்லி ஒரு உத்தரவும்.

என்றும் உங்கள் அன்புள்ள சம்பந்தி,
நெல்லிகோடண்ட குஷாலப்பா

பி.கு.: மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள்.

உறையில் போடுவதற்கு முன்னால், நன்றாக வந்திருக்கிறதே என்ற ஆசையில், சோண்டம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மகள் வீட்டுக்கு வருகிறாள் என்று சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். ஆரஞ்சு உரிக்கிற இடம் வரைக்கும் கேட்டாள். "நல்லா எழுதியிருக்கீங்க. பொண்ணுக்குப் பொறந்த வீட்டு ரத்தம்தான் ரத்தம். அந்த வரிய இன்னொரு தரம் படிங்க" என்றாள். பெருமையாக இன்னொரு தரம் படித்தேன். "எனக்கும் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அண்ணனுக்குப் போன் பண்ணினாள். என் மச்சினர் கூவலெர பித்தப்பா இருக்கிறாரே, ஒரு காரியத்துக்குக் கூப்பிட்டால் மூன்று நாள் கழித்து வருகிற மனுஷர், அரை மணியில் ஜீப்போடு வந்து நின்றார். "குஷாலு, முப்பது வருஷமா இவள எங்க டீமுக்குக் கேக்கணும்னு இருந்தேன். நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க" என்று என் முதுகில் தட்டிவிட்டு, காலில் கட்டுகிற பேடு, கையுறை, ஹெல்மெட், அவள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எங்கள் முதல் ஆட்டமே கூவலெர அணியோடு.

தேச்சம்மாவுக்கு உடனே போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்பா, அந்த ஆறு கோல் ஆட்டத்தை நானும் பார்த்தேன். அம்மா எத்தனை தடுத்தாங்கன்னு யாராவது எண்ணினீங்களா? அம்மாவையே உக்கார வெச்ச டீமுக்கு நான் வந்து என்ன பண்ணட்டும்?" என்று வைத்துவிட்டாள். ஆகவே உங்கள் மருமகள் உங்களிடமே இருக்கட்டும். எங்களுக்கு இப்போது கோல்கீப்பரே இல்லை. மொண்ணப்பா பேடு கட்டிப் பார்த்தான், குனிந்தவனை நிமிர்த்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

நேற்று மச்சினர் வீட்டுக்கே போனேன், அழைத்து வந்துவிடலாம் என்று. சோண்டம்மா காப்பி காய வைக்கிற களத்தில் இரண்டு கூடையைக் கோல் கம்பமாக வைத்து நடுவில் நின்றுகொண்டிருந்தாள். "ஒண்ணே ஒண்ணு உள்ள போடுங்க, இப்பவே உங்ககூட வந்துடறேன்" என்றாள். ரெஜிமெண்டில் பெனால்டி கார்னர் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று உங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். சட்டைக் கையை மடித்துவிட்டு அடித்தேன். வெயில் சாயும் வரைக்கும் அடித்தேன். காலால் தடுத்தாள், கையால் தடுத்தாள், ஒன்றைப் பார்க்காமலே தடுத்தாள். மச்சினர் குடும்பம் முழுக்கத் திண்பண்டத்தோடு உட்கார்ந்து பார்த்தது. சம்பந்தி, ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

தோற்றுத் திரும்புகிறவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவான். நான் வழியெல்லாம் எதிரே வந்தவர்களை நிறுத்தி, "என் பெண்டாட்டி ஆட்டத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். முதல் ஆட்டத்தன்று நீங்கள் சீக்கிரம் போய்விடுவீர்கள் என்று தெரியும். கூவலெர ஆட்கள் உட்காரும் பக்கம் எனக்கும் ஒரு இடம் பிடித்து வையுங்கள். எங்கள் அணியின் மேனேஜரான நான் எங்கே என்று மொண்ணப்பா கேட்டால், முழங்கால் வலி என்று சொல்லிவிடுங்கள்.