நிற்கவே நிற்காத மூன்று கம்பெனிகளும் அன்னாளின் லீவும்

குமுளியின் வரலாற்றை எழுதப்போகும் அறிஞர்கள் இரண்டே நிகழ்ச்சிகளைத்தான் பொன்னெழுத்தில் பொறிப்பார்கள். ஒன்று, இந்த மலையில் ஏலக்காய் முளைத்தது. மற்றொன்று, இந்த வருடம் தை மாதம் அசையா சிஸ்டம்ஸ், இமையா டெக்னாலஜிஸ், அணையா சொல்யூஷன்ஸ் ஆகிய மூன்று கம்பெனிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பரோட்டா தின்றது. முதலாவது இயற்கையின் செயல். இரண்டாவதற்கு மனித மேன்மை தேவைப்பட்டது.

மூன்று கம்பெனிகளும் விற்பது ஒரே சரக்கு: நிற்கவே நிற்காத கணினி. அசையா, ஏலக்காய் ஏல மையம் ஒன்றின் கணினிகளைக் காத்து வந்தது. அங்கே ஒரு நிமிடம் திரை உறைந்தால் அறுபது வியாபாரிகள் எழுந்து நிற்பார்கள். இமையாவின் பொறுப்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அணையாவின் பொறுப்பில் ஒரு தேயிலை ஃபாக்டரி. இவற்றுக்கு முறையே ஷிஜு, பிஜு, ரிஞ்சு என்று மூன்று மேனேஜர்கள். மூவருக்கும் ஒரே வயது, ஒரே நீலச் சட்டை. பெற்றவர்களைத் தவிர மற்றவர்கள் கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்கள்.

அன்னாள் அசையாவின் ஊழியர். பதினோரு வருடமாக ஏல மையத்தின் கணினி அறையில் இருக்கிறாள். எஸ்டேட் லயத்தில் பிறந்து, கம்ப்யூட்டர் டிப்ளமா படித்து, தேயிலைக் கொழுந்துக் கூடைக்குத் தப்பி வெளியே வந்தவள். இமையாவின் எஞ்சினீயர் துபாய்க்குப் போன நாளிலிருந்து பிஜு ரகசியமாகப் போன் செய்ய, தெரிந்த மனுஷன்தானே என்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சரிசெய்து கொடுத்தாள். ரிஞ்சு கூப்பிட்டால் தேயிலை ஃபாக்டரிக்கும் போனாள். 'ஷிஜுவுக்குத் தெரிய வேண்டாம்' என்று இருவருமே சத்தியம் வாங்கியிருந்தார்கள். தொழில்நுட்ப உலகில் இதற்குத் 'திறமைப் பகிர்வு' என்று பெயர். அவள் கணவன் செபாஸ்டின் ஜீப் ஓட்டுகிறவன், அவ்வளவு படிப்பில்லாதவன். அவன் இதை 'வாயில்லாப் பூச்சித்தனம்' என்றான்.

அன்னாளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒரே ஒரு நாள். மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை அவள் மகள் டின்சிக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் டின்சிக்கு ஞானஸ்நானம் நடந்தபோது தொட்டியருகே எல்லோரும் இருந்தார்கள், அன்னாளைத் தவிர. அன்று ஏல மையத்தில் பிரிண்டருக்கு உடம்பு சரியில்லை. இந்த முறையும் போகாவிட்டால் மகள் முகத்தில் விழிக்க முடியாது.

மூன்று கம்பெனிகளும் கைகோத்துக் கூட்டமைப்பு ஒன்று பிறந்தபோது அவளுக்கு மகிழ்ச்சி வந்ததற்குக் காரணம் இதுதான்.

பிரசவம் எளிதாக நடக்கவில்லை. மூன்று கம்பெனிகளின் சின்னங்களையும் ஃபிளெக்ஸில் எந்த வரிசையில் போடுவது என்பதிலேயே இரண்டு மாதம் போயிற்று. வரிசை வேண்டாம், முக்கோணமாகப் போடலாம் என்று ஒரு மேதை சொன்னார். உச்சியில் யார் என்று அடுத்த மேதை கேட்டார். கடைசியில் வட்டமாக அடித்து, விழா நடக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஃபிளெக்ஸைத் திருப்பிவிட ஹோட்டல்காரர் முனீஸ்வரனை ஏணியோடு நிறுத்தினார்கள். தலைமை உரையின்போது அணையாவின் சின்னம் தலைகீழாகத் தொங்கியது. ரிஞ்சு அதைப் பெருந்தன்மையோடு தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

ஒப்பந்தத்தின் உயிர் நான்காம் ஷரத்தில் இருந்தது. ஒரு கம்பெனியின் ஆள் லீவில் போனால் அடுத்த கம்பெனி தன் 'மூத்த வல்லுநரை' அனுப்பும். அவருக்கும் முடியாவிட்டால் மூன்றாவது கம்பெனியின் வல்லுநர் வருவார். வல்லுநரின் பெயரைச் சொன்னால் போட்டிக் கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடும் என்பதால் மூன்று பெயர்களும் மூன்று கவரில் அரக்கு முத்திரையோடு பூட்டப்பட்டன. ஏழாம் ஷரத்து சின்னது: லீவு நாளில் கணினியை யார் தொடுகிறாரோ, பின்விளைவு அனைத்துக்கும் அவரே பொறுப்பு.

அன்னாள் லீவு கேட்டு அபேட்சை எழுதிக் கொடுத்தாள். கூட்டமைப்பின் முதல் லீவு என்பதால் ஷிஜு அதைச் சால்வை போர்த்தி வழங்கினான். "அக்கா, நீங்க நிம்மதியாப் போங்க. ஒருத்தர் இல்ல, மூணு வல்லுநர் இருக்காங்க" என்றான்.

சனிக்கிழமை காலை பத்து இருபதுக்கு ஏலத் திரைகள் உறைந்தன. நடுவே ஒரு பெட்டி முளைத்தது. 'தொடரவா? ஆம் / இல்லை.' நிற்கவே நிற்காத அந்தக் கணினி தினமும் இதே நேரத்துக்கு இப்படி ஒரு அனுமதி கேட்கும் என்பதும், பதினோரு வருடமாக அன்னாள் 'ஆம்' என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தேயிலைத் தண்ணீர் குடிக்கப் போவாள் என்பதும் ஷிஜுவுக்குத் தெரியாது. அவன் கை மௌஸ் வரை போயிற்று. அங்கே ஏழாம் ஷரத்து ஞாபகம் வந்தது. கை திரும்பி வந்து பிஜுவுக்குப் போன் போட்டது.

பிஜு பத்தே நிமிடத்தில் வல்லுநர் வருவார் என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுக் கவரை உடைத்தான். உள்ளே இருக்கும் பெயரை எழுதியவனே அவன்தான், ஆனாலும் முறை என்று ஒன்று உண்டு. அந்த எண்ணுக்கு நாலு முறை அடித்தான், எடுக்கவில்லை. ஷரத்துப்படி ரிஞ்சுவிடம் ஒப்படைத்தான். ரிஞ்சு தன் கவரை உடைத்து, தன் வல்லுநருக்கு ஐந்து முறை அடித்தான். பிறகு, அடுத்த முறை ஷிஜுவுடையது என்று தெரிவித்தான். ஷிஜு மூன்றாவது கவரை உடைத்து, அவனும் அடிக்க ஆரம்பித்தான்.

அந்த நேரம் பூசை நடந்துகொண்டிருந்தது. அன்னாளின் போன் செபாஸ்டின் சட்டைப்பையில் வண்டு மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. அவன் எட்டிப் பார்த்துவிட்டு மனைவியின் காதருகே குனிந்தான்.

"ஏட்டி, மூணு சாரும் மாத்தி மாத்தி அடிக்காங்க. ஊரே தீப்பிடிச்சுட்டா?"

"பிடிச்சா அந்த மூணு வல்லுநரும் அணைக்கட்டும். பாட்டப் பாடுங்க."

டின்சி வெள்ளை உடுப்பில் மெழுகுவர்த்தியோடு திரும்பிப் பார்த்தாள். அம்மா இருக்கிறாளா என்று அது ஏழாவது பார்வை. அம்மா இருந்தாள்.

கோயில் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஷிஜு இறங்கினான். இரண்டாவது ஜீப்பிலிருந்து பிஜு இறங்கினான். மூன்றாவதில் வந்த ரிஞ்சு, மற்ற இருவரையும் பார்த்ததும் திரும்பவும் ஏறப் பார்த்தான். அதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

"பிஜு, நீ எதுக்கு இங்க?" என்றான் ஷிஜு.

"ஜெபிக்க."

"நீ பெந்தேகோஸ்தே சபைல்லா?"

"இனி ஜெபத்துல என்ன போட்டி? நாமதான் கூட்டமைப்பு ஆயிட்டோமே."

ரிஞ்சுவைக் கேட்டபோது, தானும் ஜெபிக்கத்தான் வந்ததாகவும், என்ன கருத்துக்கு என்பது வணிக ரகசியம் என்றும் சொன்னான். மூவரும் கடைசி பெஞ்சில் முட்டிபோட்டார்கள். பூசை முடிந்து அன்னாள் வெளியே வந்ததும் மூன்று வாய்கள் ஒரே நேரத்தில் "அக்கா" என்றன. பிறகு மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்: மூன்று அரக்கு முத்திரைக்குள்ளும் இருந்தது ஒரே பெயர்.

ஷிஜுதான் முதலில் தேறினான். திரையில் என்ன தெரிகிறது என்று விளக்கினான்.

"அதுல ஆம்னு ஒண்ணு இருக்கும் சார். அத அமுக்குங்க" என்றாள் அன்னாள்.

"அமுக்குனா என்ன ஆகும்?"

"தொடரும்."

"இல்லைன்னு அமுக்குனா?"

"தொடராது."

ரிஞ்சு இந்த விளக்கத்தைக் கைபேசியில் குறித்துக்கொண்டான். அமுக்குவது யார் என்ற பெரிய கேள்வி மிச்சம் இருந்தது. அன்னாள் ஒரு நிமிடம் வந்துவிட்டுப் போனால் நல்லது, ஜீப் தயாராக இருக்கிறது, இது நாட்டுக்கே முக்கியமான கணினி என்று பிஜு கெஞ்சினான். டின்சி அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக அன்னாளுக்கு மறுத்துச் சொல்ல வந்தது.

"இன்னிக்கி நான் லீவுல்லா சார். நீங்கதான லீவு தாள்ல ஒப்பு போட்டீங்க. மூணு பேரும் சேந்து அமுக்குங்க, பழியும் மூணாப் பிரியும்."

மூவரும் ஒரே ஜீப்பில் ஏறிப் போனார்கள். ஏல மையத்தில் அறுபது வியாபாரிகள் பார்த்திருக்க, மூன்று ஆள்காட்டி விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மௌஸில் அமர்ந்தன. யார் விரல் மேலே என்பதில் கொஞ்சம் தாமதம். ஒன்று நாற்பதுக்கு ஏலம் மறுபடி தொடங்கியது. அதே நேரம் அன்னாள் வீட்டு வாசலில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தாள். சாப்பிட்ட கையைக் கழுவும் வரை யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை கூட்டமைப்பு அவசரமாகக் கூடியது. 'மூன்று நிறுவனங்களின் தோளோடு தோள் நின்ற முயற்சியால் மாபெரும் மீட்பு' என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இன்ன நாள், இன்ன நேரம் என்று விவரம் எல்லாம் இருந்தது. பட்டனைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. பிறகு, கோளாறின் மூல காரணம் ஆராயப்பட்டு, 'அன்னாள் லீவில் சென்றது' என்று கண்டுபிடிக்கப்பட்டது. மூல காரணத்தை ஒழிக்கும் தீர்மானம் நாலே நிமிடத்தில் ஒருமனதாக நிறைவேறியது. அவளுக்கு இனி லீவு கிடையாது.

அவளை உள்ளே அழைத்துத் தீர்மானத்தைப் படித்துக் காட்டினார்கள். மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாட்டில் எந்த ஊழியருக்கும் மூன்று கம்பெனிகள் சேர்ந்து இப்படி ஒரு கௌரவம் செய்ததில்லை.

அன்னாள் தாளை மடித்தாள்.

"சரி சார். நான் செத்துப்போனா என்ன செய்வீங்க?"

ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். அந்த இடரை யாரும் யோசிக்கவில்லை. ரிஞ்சுதான் மெல்லத் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, டின்சிக்கு இப்ப எத்தன வயசு?"

"ஒம்பது" என்று அன்னாள் சொல்லி முடிக்கும் முன்பே பிஜு அதை 'நீண்டகாலத் தொடர்ச்சித் திட்டம்' என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டான்.

அன்னாளுக்கு ஒன்பது வயதாகும்போது, கொழுந்துக் கூடைக்கு ஆள் தேடிய எஸ்டேட் துரையும் அவள் அம்மாவிடம் இதே கேள்வியைத்தான் கேட்டார். பாவம், கூட்டமைப்பு இல்லாத காலம். அவர் தனியாளாகக் கேட்க வேண்டியிருந்தது.