நான் வரைந்த காட்டுப்பன்றி

எனக்குப் படம் வரையத் தெரியாது. வேலைக்குச் சேரும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. "ஓவியமும் எடுப்பீகளா?" என்று தலைமையாசிரியை கேட்டபோது, வேலை கிடைக்கும் என்றால் விமானம்கூட ஓட்டுவேன் என்கிற நிலையில் இருந்தேன். தலையாட்டிவிட்டேன்.

வன உயிரின வாரம் வந்தது. நாலாம் வகுப்புக்கு "காட்டு விலங்குகளைக் காப்போம்" என்று ஓவியப் பாடம். படங்களைப் பார்த்துப் பரிசு கொடுக்க வனத்துறையிலிருந்து வனவர் வருவாராம். கரும்பலகையில் யானை போட்டுப் பார்த்தேன். தும்பிக்கை எது, வால் எது என்று எனக்கே குழப்பம். கடைசியில் காட்டுப்பன்றியைப் பிடித்தேன். உருண்டை உடம்பு, நாலு கால், என்ன பெரிய கஷ்டம்? (கஷ்டம் கோரைப்பல்லில் இருந்தது. மேலே வளைத்தவள் நிறுத்தத் தெரியாமல் நெற்றிவரை கொண்டுபோய்விட்டேன். பிடரி மயிர் வேறு தாடைக்கு இறங்கிவிட்டது.)

"இதே மாதிரி போட்டு, எங்கன பாத்தீகன்னும் சேத்து வரையுங்க" என்றேன். டீச்சர் போட்டதில் இம்மி பிசகாமல் போடுவதுதான் எங்கள் பிள்ளைகளின் வழக்கம்.

படங்களைக் கயிற்றில் மாட்டினேன். ஸ்டெல்லா சிவப்பைத் தாராளமாக அடித்திருந்தாள். எடுப்பாக இருக்கட்டும் என்று நடுவில் தொங்கவிட்டேன். என்ன வரைந்திருக்கிறாள் என்று நிதானமாகப் பார்த்தபோது வனவர் வாசலுக்கே வந்துவிட்டார்.

வாழைத்தோப்பு. கழுத்தில் சுருக்குக் கம்பியோடு பன்றி. பக்கத்தில் அரிவாளோடு ஒரு மீசைக்காரர். அவர் தலைக்கு மேல் "எங்க அப்பா ஆரோக்கியம்" என்று முத்து முத்தான எழுத்து. அப்புறம் அடுப்பு, சட்டி, சுற்றிலும் பல் தெரியச் சிரிக்கிற குடும்பம்.

காட்டுப்பன்றியைச் சுருக்கு வைத்துப் பிடித்தால் ஜெயில். நான் வரையச் சொல்லித்தான் அந்தப் பிள்ளை வரைந்தது. அதனால் அவள் அப்பா உள்ளே போனால், எந்த முகத்தோடு அவளுக்கு அடுத்த பாடம் நடத்துவேன்? கரும்பலகையில் "காட்டுப்பன்றி" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வேறு. ஓடிப்போய் அதில் சாய்ந்து, முதுகாலேயே துடைத்தேன்.

வனவர் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து ஸ்டெல்லா படத்தின் முன் நின்றார்.

"என்ன பாப்பா, கழுத்துல கயிறு, கையில அருவா... கெடாவெட்டா?"

"இல்ல சார், இது..." என்று ஸ்டெல்லா எழுந்தாள்.

"ஆமா சார், கெடாவெட்டேதான்!" நான் போட்ட சத்தம் ரோட்டுக்கே கேட்டிருக்கும். டீச்சரே சொன்ன பிறகு பிள்ளை என்ன செய்யும்? விழித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

"காட்டு மிருகம் வரையச் சொன்னா, முப்பது பேரையும் ஆடு வரைய வச்சிருக்கீகளே டீச்சர்?"

"எனக்கு ஆடு மட்டுந்தான் சார் வரும்."

எங்கள் பள்ளிக்குப் பரிசு கிடையாது. அவர் போனதும் தலைமையாசிரியை, "எம் மானத்தையே வாங்கிட்டீகளே" என்று அரை மணி நேரம் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டு அவ்வளவு நிம்மதியாக நான் நின்றதே இல்லை.

மறுநாள் ஆரோக்கியத்தைப் பள்ளிக்கு வரச்சொல்லி, படத்தை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வீட்ல இந்த வருசம் கெடாவே வெட்டலையே டீச்சர்!"

"அண்ணே, அது காட்டுப்பன்னி."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. (எல்லாம் படத்தில் இருந்தது.)

"வாழையெல்லாம் தோண்டிப் போட்டுருச்சு டீச்சர்... அந்த ஆத்திரத்துல வச்சேன். இன்னைக்கே கம்பிய அவுத்துர்றேன்."

அவிழ்த்தார். மறுவாரம் ஸ்டெல்லா வரைந்த தோப்பில் கம்பி இல்லை. (எதையும் மறைத்து வரையத் தெரிந்த பிள்ளையா அது!)

உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கும்போதெல்லாம், என் வீட்டுக்காரர் சட்டியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பார்:

"ஏம்மா, இது ஆடா, இல்ல நீ வரைஞ்ச ஆடா?"