கோச் வீட்டு வாசலில் காலிப் பெட்டிகள்

"லொரீன், சீக்கிரம் வாயேன்! கோச் வீட்டுல அட்டைப்பெட்டி இறங்குது!"

ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிக்கொண்டு வெர்னன் டட்டில் மூச்சுவிடாமல் நின்றார். பக்கத்து வீடு கோச் பிராஸ்வெல்லுடையது. வாசலில் கட்டுக்கட்டாகக் காலிப் பெட்டிகள்.

"இறங்கினா உங்களுக்கென்ன? திரையை மூடுங்க," என்றாள் மனைவி.

"டிசம்பர் மாசம்டி! கோச்சுங்க காலேஜ் மாறுற மாசம். காலிப் பெட்டி வேற எதுக்கு வரும்?"

பிராஸ்வெல் பயிற்சியாளராக வருவதற்கு முன்னால், ஆஷ்பி கல்லூரிக் கால்பந்து அணி யாரிடம் தோற்கவும் கூச்சப்பட்டதில்லை. இப்போது விட்லாக் கல்லூரியையே இரண்டு வருடமாக ஓட ஓட விரட்டுகிறது. இவர் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் விட்லாக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

மனசு தாங்காமல், முடி வெட்டிக்கொள்ளும்போது கடைக்காரன் கிளைடிடம் மட்டும் சொன்னார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத."

"நான் எதுக்குய்யா சொல்றேன்?"

கிளைட் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. சுவரிலிருந்த கோச்சின் படத்தை மட்டும் கழற்றிக் கீழே வைத்தான். கடையில் காத்திருந்தவர்கள் மீதியைப் பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் கோச் வீட்டுப் புல்வெளியில் ஊரே கூடிவிட்டது. ஒருவர் கோச் பெயர் போட்ட பனியனைக் கொளுத்தினார். ஒரே வண்டியில் வந்திறங்கிய தம்பதியில் மனைவி 'போகாதீங்க' என்று அட்டை பிடித்தாள், கணவன் 'போய்த் தொலை' என்று பிடித்தான். ஜெயித்தால் மரத்தில் டாய்லெட் பேப்பர் சுருளை வீசிக் கொண்டாடுகிற ஊர் அது. அன்றைக்கு ஆத்திரத்தில் வீசியதில் கோச் வீட்டு ஓக் மரம் வெள்ளையாகிவிட்டது.

வெர்னனுக்குக் குறுகுறுத்தது. போனை எடுத்து ரசிகர்கள் பக்கத்தில் எழுதினார்: 'கோச் எங்கேயும் போகல. காலைல நிம்மதியா புல்லுக்குத் தண்ணி விட்டுட்டிருந்தாரு. என் கண்ணால பார்த்தேன்.'

உடனே பதில் வந்தது: 'டிசம்பர்ல புல்லுக்கு எவன்யா தண்ணி விடுவான்? வீட்டை விக்கப் போறவன்தான் விடுவான்!'

அதற்குக் கீழே ஒருவர், எத்தனை படுக்கையறை என்று விசாரித்திருந்தார்.

இனி நேரில் கேட்டுவிடுவதுதான் என்று, லொரீன் சுட்ட 'பெக்கான் பை' என்கிற பருப்பு இனிப்பைத் தூக்கிக்கொண்டு வெர்னன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். கோச்சின் மனைவி மெலிண்டா திறந்தாள்.

"தப்பா நினைக்காதம்மா. அந்தப் பெட்டியெல்லாம்..."

"அதுவா? எங்கம்மா இனிமே எங்களோடதான் இருக்கப் போறாங்க. அவங்களுக்காக மாடி ரூமை ஒழிக்கிறோம். நாங்க இந்த ஊரை விட்டு எங்கங்க போகப் போறோம்? ஜனங்க ஏன் இப்படிப் பண்றாங்க? அவரு ஒரு வாய் சாப்பிடல."

வெர்னனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நேராக வீட்டுக்கு வந்து, ரேடியோவின் விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போன் போட்டார்.

"நான் கோச்சோட பக்கத்து வீடு. அவரு போகவே மாட்டாரு!"

"விட்லாக் நல்லாக் கொடுத்தா?" என்றார் அறிவிப்பாளர்.

"என்னத்தக் கொடுத்தாலும்! ஏரிக்கரைல வீடு கொடுக்கட்டும், மீன் பிடிக்கப் படகு கொடுக்கட்டும், மாமியாருக்கு மாடிப்படி ஏறாம கீழேயே ரூம் கொடுக்கட்டும். மனுஷன் அசையமாட்டாரு!"

"ஓகோ, படகு வரைக்கும் பேச்சு போயிடுச்சா!"

"ஐயய்யோ, நான் அப்படிச் சொல்..."

அதற்குள் டயர் கடை விளம்பரம் வந்துவிட்டது.

மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கு. கோச்சே வெளியே வந்து, கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். "நான் எங்கேயும் போகலப்பா!"

"எல்லா கோச்சும் கிளம்புறதுக்கு முந்தின நாள் இதத்தான் சொல்வாங்க!" என்று கிளைட் பின்னாலிருந்து கத்தினான். கூட்டம் கைதட்டியது. கோச் கொஞ்ச நேரம் அந்த ஓக் மரத்தையே பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அந்த வாரமே செய்தி வந்தது. பிராஸ்வெல் விட்லாக்குக்குப் போகிறார்.

"பார்த்தியா, அன்னிக்கே சொன்னோம்ல?" என்று ஊர் மார்தட்டிக்கொண்டது. வெர்னன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் துக்கத்துக்கு நடுவே ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. தான் புரளி கிளப்பவில்லை. அந்தம்மாதான் மறைத்திருக்கிறாள். தன் கண் தப்புமா?

சாமான் ஏற்ற லாரி வந்தது. விட்லாக் தொப்பி போட்ட டிரைவர் ஓக் மரத்தடியில் நின்று இளைப்பாறினான். வெர்னனால் சும்மா இருக்க முடியவில்லை. வேலி மேல் சாய்ந்து கேட்டார்.

"தம்பி, உள்ளதைச் சொல்லு. எங்க கோச்சைக் கொத்திட்டுப் போக எவ்வளவு காலமா கண்ணு வச்சிருந்தீங்க?"

"நாங்களா? எங்க ஆளுங்க வேற ஒருத்தரைப் பேசி முடிச்சே வச்சிருந்தாங்கண்ணே. உங்க ஊர்க்காரர் ஒருத்தர் ரேடியோல வந்து, அவருக்கு என்னென்ன வேணும்னு மாமியார் ரூம் வரைக்கும் விவரமாச் சொன்னாரு பாருங்க, அதுக்கப்புறம்தான் உங்க கோச்சுக்குப் போனே போட்டாங்க."