இருபத்தெட்டு டிகிரி அண்ணனும் அரக்குக் கலர் அக்காவும்

தண்ணீரில் கையை விட்ட மாத்திரத்தில் அதன் சூட்டை டிகிரி கணக்கில் சொல்லக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் ஆரணியில், எங்கள் தெருவில், என் வீட்டுக்கு நேர் எதிர்வீட்டில் இருக்கிறார். விஞ்ஞானிகள் இதை மறுக்கலாம். மறுப்பவர்கள் ஒரு வாரம் எங்கள் தெருவில் குடியிருந்துவிட்டு அப்புறம் மறுக்கட்டும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவர் ‘இருபத்தெட்டு’. பதினோரு வருஷம் ஓர் உல்லாசக் கப்பலில் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. மணிக்கொரு தரம் தண்ணீரின் சூட்டைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அது இருபத்தெட்டு டிகிரியிலேயே நிற்க வேண்டும். கப்பல் பனிமலைப் பக்கம் போகும். பாலைவனக் கரையோரம் போகும். வெளியே மீசை உறையும், அல்லது மண்டை பிளக்கும். குளம் மட்டும் இருபத்தெட்டு. ஒரு டிகிரி இறங்கினால் வெள்ளைக்காரப் பாட்டிகள் உதடு நீலம் பாரித்துப் புகார் எழுதுவார்களாம். ஒரு டிகிரி ஏறினால் தாத்தாக்கள், எங்களைக் குளிக்கச் சொல்கிறாயா, வேகச் சொல்கிறாயா என்று கேட்பார்களாம்.

இதற்கெல்லாம் கப்பலில் கருவி உண்டு. அண்ணனுக்குக் கருவி மேல் மரியாதை உண்டு, நம்பிக்கை கிடையாது. வலது கைச் சட்டையைச் சுருட்டுவார். கண்ணை இறுக மூடுவார். முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் விட்டு, ஏதோ மந்திரம் முணுமுணுப்பதுபோல உதட்டை அசைப்பார். பிறகு எண் வரும். கருவியும் அரை டிகிரி முன்னே பின்னே அதையேதான் சொல்லும். கண்ணை எதற்கு மூடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“கண்ணைத் தொறந்துகினு பார்த்தா தண்ணி நம்மள ஏமாத்தும் தம்பி. நீலமா இருந்தா சில்லுனு இருக்கிற மாதிரி தெரியும். கைக்குக் கலரு தெரியாது. அதான் கை பொய் சொல்லாது” என்றார்.

இந்தத் தத்துவத்தை நினைவில் வையுங்கள். எங்களை நடுத்தெருவில் நிறுத்தியது இதுதான்.

பத்து மாதம் கப்பல், இரண்டு மாதம் ஆரணி. அந்த இரண்டு மாதமும் தெருவில் ஒரு திரவம் நிம்மதியாக இருக்க முடியாது. டீக்கடையில் கண்ணாடி டம்ளரைத் தொட்டுவிட்டு, “அறுபத்திரண்டு. ஆறிப்போச்சி, மாத்திக் குடு” என்பார். கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்ற வருகிறவர்கள் அவர் இலையை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். கோயிலில் உள்ளங்கையில் விழுந்த தீர்த்தத்தைக் குடிப்பதற்கு முன் கண்ணை மூடினார். பக்தி என்று நினைத்து குருக்கள் இன்னொரு உத்தரணி ஊற்றினார். அண்ணன் கண்ணைத் திறக்காமலே இருபத்தைந்து என்று அறிவித்தார்.

இதெல்லாம் பேஜார் என்றாலும், தெருவில் பிள்ளை பிறந்தால் முதல் குளியலுக்கு அவருக்குத்தான் ஆள் போகும். அண்ணன் வந்து முழங்கையை விட்டுத் தலையாட்டும் வரை எந்தப் பாட்டியும் குழந்தையைத் தொடமாட்டாள்.

ஒருமுறை தெருக்கோடியில் ஒரு பெரியவர் தவறிப்போனார். உடலைக் குளிப்பாட்டக் குடங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் முதல் குடத்தில் முழங்கையை விட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். “இருபத்துமூணு. சுட வைங்கப்பா. அவருக்கு ஆஸ்துமா” என்றார். சிரிப்பதா, அடிப்பதா என்று கூட்டம் திணறியது. கடைசியில் பெரியவரின் மகனே எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தான்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஓர் ஆசை. கப்பலில் வேலை செய்கிறவர்கள் பயணிகளின் குளத்தில் இறங்கக் கூடாது, அது சட்டம். ஆனால் ஊழியரின் மனைவி பத்து நாள் விருந்தாளியாக வந்து தங்கலாம், குளத்திலும் இறங்கலாம். வருஷா வருஷம் கூப்பிட்டார். அவர் மனைவி கஸ்தூரி அக்கா வருஷா வருஷம் மறுத்தார். அக்கா தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராதவர். பட்டில் அன்னப்பட்சியும் மயிலும் நீந்தவிடுவார். தான் மட்டும் வாளித் தண்ணீரைத் தாண்டியதில்லை. சில்லென்ற தண்ணீர் என்றால் நடுங்குவார். இப்போதோ அண்ணனுக்கு அதுதான் கடைசி ஒப்பந்தம். இந்தத் தடவை விட்டால் இனி கப்பலும் இல்லை, குளமும் இல்லை.

“பதினோரு வருஷமா முழங்கை வரைக்கும்தான் தம்பி நான் எறங்கியிருக்கேன். நம்ம வூட்ல ஒருத்தராவது முழுசா எறங்கிப் பாக்க வேணாமா?” என்று என்னிடம் கேட்டார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது நாளில் சென்னையில் விமானம், சிங்கப்பூரில் கப்பல்.

அக்கா ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார். இருபத்தெட்டு இருபத்தெட்டு என்று ஊரைக் கெடுக்கிறீர்களே, அதை இங்கேயே காட்டுங்கள். உடம்புக்குப் பிடித்தால் வருகிறேன்.

ஆரணியில் நீச்சல் குளத்துக்கு எங்கே போவது? பக்கத்து ஊரான சேவூரில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் நிலத்தில் பம்புசெட் தொட்டி இருந்தது. பாசி படிந்து கருத்த சிமெண்டுத் தொட்டி. அண்ணன் முழங்கையை விட்டு, இருபத்துநாலு என்றார். நாலு டிகிரி ஏற்ற வேண்டும். அதற்கு இரண்டு டிரம் கொதிக்கிற தண்ணீர் வேண்டும். அப்போது நான் சித்தப்பாவின் சாயப்பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டுக்குச் சாயம் போடுகிற இடத்தில் வெந்நீருக்கா பஞ்சம்? நானே முன்வந்தேன். ஆர்வக்கோளாறுக்கு என்னைப்போல் கவிதை எழுதுகிறவர்களை மிஞ்ச ஆளில்லை.

டிரம்மைக் கழுவினாயா என்று அண்ணன் கேட்டார். கழுவினேன் என்றேன். கழுவத்தான் செய்தேன். ஆனால் சாயப்பட்டறையில் கழுவுவது என்றால் வெளிப்பக்கத்தைக் கழுவுவது. அரக்குச் சாயம் கரைக்கிற டிரம்மில் மறுநாளும் அரக்குதான் கரைப்போம், உள்ளே கழுவுவானேன்? அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சாயம் கெட்டியாகப் படிந்து கிடந்ததை எந்தப் பட்டறைக்காரனும் அழுக்கு என்று சொல்லமாட்டான். குட்டியானை வண்டியில் ஏற்றி, மூடி போட்டுக் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அது அழகாகக் கரைந்திருக்க வேண்டும்.

சூரியன் விழுந்து, நெல்வயல் மீது வெளிச்சம் கடைசித் துளியாக நின்ற நேரம். டிரம்களைத் தொட்டியில் கவிழ்த்தோம். ஆவி எழுந்தது. பாசித் தொட்டியில் எல்லாத் தண்ணீரும் கறுப்புதான். அண்ணன் சட்டையைச் சுருட்டினார். கண்ணை மூடினார். அந்த முகத்தில் அப்படி ஓர் ஆனந்தத்தை நான் பார்த்ததில்லை. “இருபத்தெட்டு” என்றார், கடவுளைக் கண்டவர் குரலில்.

அக்கா காப்பிப்பொடி நிற நைட்டியோடு முதலில் கால் நனைத்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு கழுத்து வரை அமிழ்ந்தார். ஐந்து நிமிஷம் என்று இறங்கியவர் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அண்ணன் வரப்பில் அங்குமிங்கும் நடந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கேட்டால் எழுந்துவிடுவாரோ என்று பயம். ஒருவழியாக எழுந்து துண்டைப் போர்த்திக்கொண்ட அக்கா, சரி வர்றேன் என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருட்டில் எனக்குத் தெரியாமலே என் கையிலும் கொஞ்சம் அரக்கு.

வீட்டுக்கு வந்து டியூப்லைட்டைப் போட்டதும்தான் தெரிந்தது. கழுத்துக்கு மேலே கஸ்தூரி அக்கா. கழுத்துக்குக் கீழே கல்யாணப் புடவை. அண்ணனுக்கு வலது கை மட்டும், முழங்கை வரை, கோடு போட்டதுபோல.

தெருவே திரண்டது. எலுமிச்சம்பழம் வந்தது, தயிர் வந்தது, புளி வந்தது, மண்ணெண்ணெய்கூட வந்தது. பட்டும் தோலும் சாயத்துக்கு ஒன்றுதான். பட்டில் ஏறுவது தோலிலும் ஏறும். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்புதான் கூடியது. பார்க்க வந்த சித்தப்பா அக்காவின் முன்கையைச் சற்றுத் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து ரசித்துவிட்டு, “நம்ம சாயம்னா சும்மாவா?” என்றார். அன்று அவர் உயிரோடு வீடு திரும்பியது பெரிய விஷயம்.

அக்கா கப்பலை ரத்து செய்தார். தறியில் உட்கார்ந்துகொண்டு, தலை நிமிராமல் சொன்னார்: “இந்தக் கலர்ல நான் ஏரோப்ளேன் ஏறுவேன்னு நெனச்சிகினு இருக்கீங்களா? பாஸ்போர்ட்ல இருக்கிறவ வேற, நான் வேற. நீங்களே போங்க. போயி உங்க தொட்டியில முழங்கைய வுட்டுகினு நில்லுங்க.”

இரண்டு நாள் எதிர்வீட்டிலிருந்து தறிச் சத்தம் மட்டும் வந்தது. அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போய் இருந்தது, குடித்தார். எத்தனை டிகிரி என்று சொல்லவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர், “தொட்டித் தண்ணிய தொறந்து வுட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார். இல்லை, அப்படியே இருக்கிறது என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் அவர் சேவூருக்குப் போய், வேட்டியோடு அந்தத் தொட்டியில் இறங்கிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். தண்ணீர் பனிபோல ஆறிக் கிடந்தது. “இருபத்துமூணு” என்று பல் தந்தியடித்தது. வெளியே வாருங்கள், ஜன்னி கண்டுவிடும் என்று கெஞ்சினேன். ஆறின தண்ணியில் சாயம் மெதுவாகத்தான் பிடிக்கும், போய் டிரம் அடியில் படிஞ்சது மிச்சம் இருந்தா ஜல்தியாக் கொண்டா என்றார். கொண்டுபோனேன். நம்புங்கள், ஒரு மனிதரை அவர் கேட்டுக்கொண்டபடி சாயத்தில் முக்கியெடுத்த பாவம் என்னுடையது. ஒன்றரை மணி நேரம் கழித்து எழுந்தவர், கழுத்துவரை மூழ்கினது போதாதென்று முகத்தையும் ஒருதரம் முக்கிக்கொண்டார்.

அப்படியே போய்த் தறிக்கு முன்னால் நின்றார். சொட்டச் சொட்ட, நடுங்க நடுங்க, ஆளுயர முந்தானை மாதிரி. அக்கா தறி நாடாவை நிறுத்தினார். உச்சியிலிருந்து கால் வரை பார்த்தார்.

“இப்ப இன்னா” என்றார் அண்ணன். “ரெண்டு நூலும் ஒரே தொட்டியில முக்கியாச்சி. கேக்கிறவன் ரெண்டு பேரையும் கேக்கட்டும்.”

அக்கா சிரித்தது என் வீடு வரை கேட்டது.

விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம். ஏதாவது விரதமா என்று கேட்டாராம். அக்கா ஆமாம் என்று சொல்லிவிட்டார். கப்பலில்தான் சங்கடம். அண்ணனுக்கு மேலதிகாரி ஒரு நெட்டை இத்தாலிக்காரர். அண்ணனைக் கண்டு மிரண்டு, அக்காவைக் கண்டு இன்னும் மிரண்டு, இந்த அம்மா இறங்கினால் குளம் முழுக்கச் சிவந்துவிடும், கூடவே கூடாது என்று கையை விரித்துவிட்டார். பதினோரு வருஷக் காத்திருப்பு அந்தக் குளத்தின் விளிம்பில் வந்து நின்றது.

அண்ணன் வாதாடவில்லை. ஆரணிப் பட்டுக் கடைகளில் சாயம் போகுமோ என்று வாங்க வந்தவர்கள் சந்தேகப்பட்டால் கடைக்காரர் செய்கிறதைச் செய்தார். ஒரு வெள்ளைத் துண்டை நனைத்துப் பிழிந்து, தன் கையில் அழுத்தித் தேய்த்து, அதிகாரியின் மூக்குக்கு முன்னால் விரித்துக் காட்டினார். துண்டு பால்போல வெள்ளையாக இருந்தது. கன்னத்தில் தேய்த்துக் காட்டினார். கழுத்தில் தேய்த்துக் காட்டினார். “ஆரணிச் சாயம் சார். கியாரண்டி” என்று தமிழிலேயே சொன்னாராம். இத்தாலிக்காரர் தானும் ஒருதரம் தேய்த்துப் பார்த்துவிட்டு வழிவிட்டார். சுற்றி நின்ற இரண்டு பாட்டிகள், இதை எந்தத் துறைமுகத்தில் செய்கிறார்கள் என்று விசாரித்தார்களாம்.

அக்கா இறங்கினார். கழுத்து வரை. அண்ணன் சீருடையோடு விளிம்பில் நின்றார். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். ஊருக்கு வந்த பிறகு அக்காவே இதை என்னிடம் சொன்னார். அதற்குள் அக்காவின் கையில் அரக்கு வெளிறி, வெங்காயத்தோல் நிறம் ஆகியிருந்தது.

“ஒண்ணுமே தெரியலைன்னு சொன்னேன் தம்பி. சில்லுனும் இல்ல, சூடும் இல்ல. தண்ணியில இருக்கோம்னே தெரியல. அவ்ளோ நல்லா இருந்திச்சி.”

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“இன்னாத்த சொல்றது? திரும்பி நின்னு கடலைப் பார்த்துகினே இருந்தாரு. பதினோரு வருஷமா சில்லுன்னு இருக்கு, சுடுதுன்னுதான் ஆளுங்க வந்து சொல்லியிருக்காங்களாம். சரியா இருக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்லையாம்.”

அண்ணன் இப்போது ஊரோடு வந்துவிட்டார். மொட்டைமாடிகளில் சோலார் ஹீட்டர் மாட்டிக் கொடுக்கிறார். என் வீட்டிலும் ஒன்று. காலையில் குளிக்கும்போது குளியலறை ஜன்னலைத் திறந்து, “தண்ணி நல்லா இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டுத்தான் முதல் சொம்பை ஊற்றிக்கொள்கிறேன். எதிர்வீட்டுக்குக் கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் சத்தமாகவே.