எதிர்வீட்டுக் கொல்லை

அந்த இரண்டாவது டம்ளர் மோரைக் குடித்திருக்கக் கூடாது.

தட்டச்சுப் பொறியின் முன்னால் கால்களை இறுக்கிக்கொண்டு தேவகி இதைத்தான் நினைத்தாள். முதல் டம்ளர் தாகத்துக்கு. இரண்டாவது, கொண்டுவந்த பியூன் ஆதிகேசவனின் முகம் வாடக் கூடாதே என்பதற்கு. யார் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்தக் குறை அவள் மனசில் இருப்பதாகத்தான் இத்தனை நாள் எண்ணியிருந்தாள். பங்குனி வெயில் ஏற ஏற, அது அடிவயிற்றில் இருப்பது தெரிந்தது.

அந்த நகராட்சி அலுவலகத்தில் அவள் ஒருத்திதான் பெண். ஆண்களுக்குப் பின்பக்கம் ஒரு சுவர் இருந்தது. கமிஷனர் ராஜகோபாலுக்கு அவர் அறையை ஒட்டி, வெள்ளை ஓடு பதித்த தனிக் கழிப்பறை இருந்தது. அவர் அந்தச் சுவர்ப் பக்கம் போவதில்லை. அங்கே நிற்கும் குமாஸ்தாக்களால் அவருக்குக் கையெடுத்து வணக்கம் சொல்ல முடியாது என்பது காரணம். தேவகிக்கு எதிர் வீட்டு மணியம்மாள் இருந்தாள்.

தேவகி எழுந்தாள். "ஆதிகேசவன், யாராவது கேட்டா..."

"போஸ்டாபீசுக்குப் போயிருக்காங்கன்னு சொல்றேம்மா."

"காலையிலயும் அதான் சொன்னே."

"ஸ்டாம்பு பத்தலன்னு சொல்றேன். நீ போம்மா."

மணியம்மாள் வீட்டில் முன்கட்டில் அவள் புருஷன் தறியில் உட்கார்ந்திருப்பார். தலை நிமிர மாட்டார். பின்கட்டில் மணியம்மாள் ராட்டினத்தில் பட்டு சுற்றிக்கொண்டிருப்பாள். தேவகி உள்ளே போகும்போது அவள் எதுவும் பேச மாட்டாள். அது அவளுடைய நாகரிகம். தேவகி கால் கழுவிக்கொண்டு திரும்பும்போது மட்டும் ராட்டினம் நிற்கும்.

"இன்னா சேதி?"

ஒரு வீட்டுக் கொல்லையைத் தினமும் பயன்படுத்திவிட்டுச் சும்மா வருவதற்கு தேவகிக்குக் கூச்சமாக இருக்கும். கொடுப்பதற்கு அவளிடம் அன்றைக்குத் தட்டச்சு செய்த சமாசாரங்களைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

"திங்கக்கெழமையிலேருந்து குழாய்ல தண்ணி காலையில அஞ்சு மணிக்கே விடறாங்களாம்க்கா. அப்புறம் வெள்ளிக்கெழமை இந்தத் தெருவுல பள்ளம் தோண்டறாங்க."

"வெள்ளிக்கெழமையா? நாலு வீட்டுப் பாவு தெருவுல கெடக்கும்மா அன்னிக்கி. சனிக்கெழமை தோண்டச் சொல்லு."

நெசவுக்கான பட்டு நூலை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பார்கள். அதுதான் பாவு. அது தெருவில் கிடக்கும்போது சைக்கிளைக்கூடத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

தேவகி இதை ஆதிகேசவன் காதில் போடுவாள். அவன் ஓவர்சியர் காதில் போடுவான். பள்ளம் சனிக்கிழமைக்கு நகரும். மணியம்மாளின் ராட்டினத்தைச் சுற்றி நூல் சுற்ற வரும் பெண்கள் மற்ற சேதியை எட்டுத் தெருவுக்குக் கொண்டு போவார்கள். ஊரில் ஒரு புகார் இராது. "மக்கள் நாடி பிடிச்சு நிர்வாகம் பண்றது ஒரு கலை" என்று கமிஷனர் கூட்டங்களில் பேசுவார்.

இப்படி இருக்கையில்தான் சென்னையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. இவ்வளவு பெரிய நகராட்சியில் ஒரே ஒரு பெண் ஊழியர்தானா?

கமிஷனர் பதிலைச் சொல்லச் சொல்ல தேவகி தட்டச்சு செய்தாள். "பெண்களுக்குரிய கழிப்பறை வசதி இல்லாத காரணத்தால் மேற்கொண்டு பெண்களை நியமிக்க இயலவில்லை." அன்றும் அவள் கால்களை இறுக்கிக்கொண்டுதான் இருந்தாள். 'இயலவில்லை' என்ற சொல்லை அவ்வளவு உணர்ந்து அவள் அடித்ததே இல்லை.

உடனே அடுத்த கடிதம் வந்தது. வசதி செய்து கொடுங்கள், பார்வையிட அதிகாரி வருகிறார், சரியாக இருந்தால் இன்னும் இரண்டு பெண்களுக்கு வேலை உத்தரவு தயார். திருப்புட்குழியிலிருந்து ரேணுகாம்பாள், பக்கத்துத் தெருவிலிருந்து நீலாம்பாள்.

முதலில் பின்பக்கம் ஓலைத் தட்டி கட்டினார்கள். பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பவுண்டு அதற்கு அடுத்தாற்போல இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. ஓலை பச்சையாக, மணமாக இருந்தது. தேவகி உள்ளே போன கொஞ்ச நேரத்தில் எதிர்த் தட்டி மெல்ல மெல்ல மறைய ஆரம்பித்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு சிவப்புப் பசு நிதானமாக மென்றபடி அவளையே பார்த்தது.

"கத்தியிருக்கலாமே" என்றார் கமிஷனர், பிறகு.

"கத்தினா எல்லாரும் ஓடி வருவாங்களே சார்."

அடுத்து, பழைய சாமான் அறையை ஒழித்தார்கள். மூலையில் தண்ணீர் போக வழி செய்து, வெளியே பெயிண்டரைக் கொண்டு பெரிய எழுத்தில் 'பெண்கள்' என்று பலகை எழுதி மாட்டினார்கள். மறுநாள் காலை தேவகி வந்தபோது அந்தக் கதவின் முன்னால் வரிசை நின்றது. வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் வளைந்திருந்தது.

"இன்னா குடுக்கறாங்கக்கா?" என்றாள் கடைசியில் நின்றவள்.

"தெரியல. பொம்பளைங்களுக்குன்னு போர்டு போட்டுக்கிது. நின்னு வைப்போம்."

"சர்க்கரையா இருக்குமோ?"

"பை கொண்டாந்தியா?"

வரிசைக்கு முன்னால் நடந்துபோய் அந்தக் கதவைத் திறக்கும் தைரியம் தேவகிக்கு இல்லை. திறந்து, மூடி, வெறுங்கையோடு வெளியே வந்தால் என்ன பதில் சொல்வது? அவள் எதிர் வீட்டுக்குப் போனாள். ஒன்றுமில்லை, கலைந்து போங்கள் என்று கமிஷனரே வந்து சொன்னதும், யாரோ சர்க்கரையை மூட்டையோடு பின்வழியாகக் கொண்டு போய்விட்டார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. பூட்டு உடைந்தது. கதவும் உடைந்தது.

மறுநாள் அதிகாரி வருகிறார். கமிஷனர் தம் கழிப்பறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "ஒரே ஒரு நாளைக்கு" என்றார். 'பெண்கள்' பலகை அவருடைய வெள்ளை ஓட்டுக் கழிப்பறைக் கதவுக்கு இடம் மாறியது. அதன் சாவி தேவகியின் கைக்கு வந்தது.

அதிகாரியின் பெயர் திரிசலா. காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துச் சமணக் குடும்பத்துப் பெண். கதவைத் திறந்து பார்த்தார். ஓட்டைப் பார்த்தார். குழாயைத் திருகிப் பார்த்தார். பிறகு தேவகியைத் தனியே கூப்பிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"காலையிலேருந்து தண்ணி குடிச்சியாம்மா?"

தேவகி இல்லை என்று தலையாட்டினாள். வேலையில் சேர்ந்த இத்தனை வருஷத்தில் அவளை யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்கிறவளும் எங்கேயோ ஓர் எதிர் வீட்டைத் தேடிப் போனவள்தான் என்பது அவளுக்கு அந்தக் கணமே தெரிந்தது.

"அந்த ரூமை விட்டுடாதே. அதை நம்பித்தான் ரெண்டு பேரை அனுப்பப் போறேன்."

மூன்றாம் நாள் பேப்பரில் வந்தது. 'தம் அறையையே தியாகம் செய்த ஆணையர்.' பலகையின் அருகில் கமிஷனர் சிரித்தபடி நிற்கும் படம். அதற்கப்புறம் பலகையை எப்படிக் கழற்றுவது?

தேவகி தண்ணீர் குடித்தாள். மேஜை மேல் ஒரு கூஜா வைத்துக்கொண்டாள். தாகம் எடுத்தபோது குடிப்பது, எடுக்காதபோதும் குடிப்பது என்று சில நாள் வெறும் ஆனந்தத்துக்காகவே குடித்தாள். தலைவலி போயிற்று. தட்டச்சில் பிழை குறைந்தது. எதிர் வீட்டு ராட்டினச் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கும்போது மட்டும், ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுக்காமல் வந்துவிட்டதுபோல இருக்கும்.

சித்திரை பாதியில் குழாய் நேரம் மாறியது. ஒரு தெருவுக்கும் தெரியவில்லை. தண்ணீர் வந்து போன பிறகு குடங்கள் வந்தன. குடங்களோடு பெண்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

கமிஷனர் சுவர்களில் அறிவிப்பு ஒட்டச் சொன்னார். 'குடிநீர் வழங்கல் கால அட்டவணைத் திருத்தம்' என்று அது தொடங்கியது. அதைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் வரி ஏறிவிட்டது என்று சண்டைக்கு வந்தார்கள். தண்டோரா போடச் சொன்னார். நெசவுத் தெருவில் ஐம்பது தறி அடிக்கும் சத்தத்தில், தண்டோராக்காரன் கையாட்டிக்கொண்டு போவதுதான் தெரிந்தது. ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கி கட்டி அனுப்பினார். புதுப் படம் வந்திருப்பதாக நினைத்து எல்லோரும் நோட்டீஸ் கேட்டுத் துரத்தினார்கள். ரிக்‌ஷாக்காரன் பயந்து, ஒலிபெருக்கியோடு பக்கத்து ஊருக்குப் போய்விட்டான்.

கமிஷனர் இளைத்துப் போனார். நாற்காலியில் ஒரு நிலையாக உட்காருவதில்லை. தேவகி கையெழுத்துக்குப் போனால் பல நேரம் ஆள் இருக்க மாட்டார்.

"எங்கே ஆதிகேசவன்?"

"போஸ்டாபீசுக்கும்மா."

"கமிஷனரே போகணுமா?"

"பெரிய ஸ்டாம்பு போல" என்று அவன் கூரையைப் பார்த்தான்.

வைகாசியில் கருட சேவை. பெருமாள் வரும் வழியெல்லாம் தார் போட வேண்டும். கொதிக்கும் தாரோடு லாரி விடியற்காலையில் மணியம்மாள் தெருவுக்குள் திரும்பியது. தெரு முழுக்கப் பாவு கிடந்தது. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம் என்று, கல்யாண முகூர்த்தத்துக்கான புடவைகளின் நூல். ஒரு நூலை அறுத்தாலும் லாரியை எரித்துவிடுவோம் என்று நெசவாளர்கள் நின்றார்கள். பின்னால் போகலாம் என்றால் பின்னால் மாட்டு வண்டிகள். வாக்குவாதம் முடிவதற்குள் தார் ஆறிவிட்டது. கடைசியில் அதை இருந்த இடத்திலேயே கொட்ட வேண்டியதாயிற்று. மணியம்மாள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு, கரிய யானை ஒன்று படுத்திருப்பதுபோல, ஒரு குன்று நின்றது.

அன்று பகலில் கமிஷனர் ஓவர்சியரைக் கூப்பிட்டார். பாவு போடும் நாள் முன்னெல்லாம் உமக்கு எப்படித் தெரிந்தது? ஓவர்சியர் ஆதிகேசவனைக் காட்டினார். ஆதிகேசவன் தேவகியைக் காட்டினான். தேவகி ஜன்னலுக்கு வெளியே எதிர் வீட்டைக் காட்டினாள்.

கமிஷனருக்கு எல்லாம் விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் முகம் மலர்ந்ததைத் தேவகி ஆச்சரியத்தோடு பார்த்தாள். கோபித்துக்கொள்வார் என்று நினைத்திருந்தாள்.

"தேவகி, உட்காருங்க" என்றார். அவர் அவளை உட்காரச் சொன்னது அதுவே முதல் தடவை. "மக்கள் தொடர்புங்கறது சாதாரண விஷயமில்ல. நீங்க பழையபடி எதிர்லயே போய் வந்துக்கிட்டிருந்தா ஊருக்கு எவ்வளவு நல்லது, யோசிச்சுப் பாருங்க. எனக்காக இல்ல. ஊருக்காக."

"அந்த ரூம் சார்?"

"அதை நான் பாத்துக்கறேன்."

"ரேணுகாம்பாளும் நீலாம்பாளும் வர்றாங்களே சார், அடுத்த வாரம்."

"அவங்களும் உங்ககூட வரட்டுமே. ஒருத்தர் போயே எட்டுத் தெரு. மூணு பேர் போனா முழுப் பேட்டையும் நம்ம கையில." அவர் கையை நீட்டினார். "சாவி?"

நீட்டிய கையைத் தேவகி பார்த்தாள். நியாயமாகத்தான் பேசுகிறார் என்று பட்டது. மணியம்மாளுக்குத் தான் பட்ட கடன் ஒரு பக்கம். வாசலை அடைத்துக் கிடக்கும் தார் ஒரு பக்கம். 'சரிங்க சார்' என்பது அவள் தொண்டைவரை வந்துவிட்டது. எப்போதும் அப்படித்தான், அவளைக் கேட்காமலே வந்துவிடும். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவி கையில் சுட்டது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மணியம்மாள் வந்தாள். கைகளெல்லாம் தார். பின்னால் அவளைத் தடுக்கப் பார்த்துத் தோற்ற ஆதிகேசவன்.

"யாருய்யா அந்த மலையை எடுக்கறது? வூட்ட உட்டு வெளிய வர சொவரேறிக் குதிச்சிக்கினு வரேன்."

"அம்மா, அதைத்தான் பேசிக்கிட்டு இருக்கோம்" என்று கமிஷனர் அவசரமாக எழுந்தார். "இனிமே இப்படி நடக்காது. தேவகி பழையபடி உங்க வீட்டுக்கு வருவாங்க. எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சிடும். அவங்க வராததுனாலதான் இவ்வளவு குழப்பம்."

மணியம்மாள் தேவகியைப் பார்த்தாள். தேவகியின் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள். பிறகு கமிஷனரைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு வந்த வரிக்கும் ஒரு சேதி சொல்லாம போனதில்லைங்க. சித்திரையிலேருந்து நீங்களும்தான் கையில சொம்போட, சாக்கடை பாக்கறேன் சாக்கடை பாக்கறேன்னுக்கினு தெனம் எங்க கொல்லைக்கு வந்துக்கினு போறீங்க. ஒரு நாளாவது வாயத் தொறந்து, தாரு வண்டி வருதுன்னு சொல்லியிருப்பீங்களா?"

ஆதிகேசவன் மறுபடி கூரையைப் பார்த்தான். கமிஷனரின் கை இன்னும் நீண்டே இருந்தது. அதை மடக்க அவருக்குத் தோன்றவில்லை.

"தேவகி" என்றார் கடைசியில், வேறு குரலில். "கொஞ்சம் மனசு வைங்க."

தேவகி சாவியை முந்தானையில் வைத்து, முன்னைவிட இறுக்கமாக முடிந்துகொண்டாள்.

"இல்லீங்க சார். நீங்க கொல்லையிலேருந்து திரும்பும்போது அக்கா கேப்பாங்க. அன்னன்னிக்கி இருக்கற சேதியை மட்டும் சொல்லிட்டு வந்துடுங்க."